உலோகம் வளைவதும் உடைவதும்: மோதலைக் கணினி எப்படிக் கணக்குப் போடுகிறது?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கட்டுக் கம்பி கீழே கிடக்கும். ஒரு சாண் எடுத்து நடுவில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை நூல் மாதிரி வளையும். நாலைந்து தடவைக்குப் பிறகு அந்த இடம் முரண்டு பிடிக்கும்; கம்பி அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வளையப் பார்க்கும். விடாமல் வேகவேகமாக வளைத்து, அந்த இடத்தை உதட்டில் வைத்தால் சுடும். இன்னும் சில தடவை வளைத்தால் பட்டென்று கையோடு வந்துவிடும்.

இந்த அரை நிமிட வேலையில் மூன்று விஷயங்கள் நடந்துவிட்டன. வளைய வளைய உலோகம் இறுகியது. நாம் போட்ட உழைப்பு சூடாக மாறியது. கடைசியில் அறுந்தது. கார் சுவரில் மோதும்போதும், குண்டு கவசத் தகட்டில் பாயும்போதும் நடப்பவை இதே மூன்றுதான். என்ன, எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதற்கு மோதல் சிமுலேஷன் என்று பெயர். இறுகுவதையும் சூடாவதையும் கணினி நன்றாகவே கணக்குப் போடுகிறது. அறுவதில்தான் இன்றைக்கும் தடுமாறுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் வளைவதைப் பார்க்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை நாலு விரற்கடை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே இழுத்தால் பத்துப் பேர் வேண்டும். ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு மடிப்பை எழுப்பி, அதைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை போனால், ஒரே ஆள் போதும். உலோகத்துக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதும் இப்படித்தான். அடுக்கு முழுவதும் ஒரேயடியாக நகர்வதில்லை. ஒரு மடிப்பு ஊர்ந்து போகிறது. இந்த மடிப்புக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். 1934இல் ஜி. ஐ. டெய்லர், ஒரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியாக இதை முன்வைத்தார்கள். நாலா பக்கத்திலிருந்தும் மடிப்புகள் வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் எதுவும் எளிதில் நகராது. கம்பி முரண்டு பிடித்தது அதனால்தான்.

உதட்டைச் சுட்ட சூட்டுக்கும் அதே டெய்லரிடம்தான் போக வேண்டும். அதே 1934இல் குவின்னியோடு சேர்ந்து, உலோகத்தை முறுக்கச் செலவழியும் உழைப்பில் எவ்வளவு சூடாக மாறுகிறது என்று அளந்தார். பெரும்பகுதி சூடாகிவிடுகிறது, கணக்குகளில் இன்றும் வழக்கமாகப் பத்தில் ஒன்பது பங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். மெதுவாக வளைத்தால் அந்தச் சூடு காற்றில் கரைந்துவிடும். மோதலில் அதற்கு நேரமே கிடையாது. பிறந்த இடத்திலேயே தங்கி, உலோகத்தை இளக்கும்.

ஆக, வேகமான மோதலில் இரண்டு சக்திகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. திரிபு, அதாவது உலோகம் எவ்வளவு உருமாறியது என்ற அளவு, கூடக்கூட உலோகம் இறுகுகிறது. திரிபு நடக்கும் வேகம் கூடினாலும் எதிர்ப்பு கூடுகிறது, அந்த மடிப்புகளை அவசரப்படுத்துவதால். ஆனால் சூடு இளக வைக்கிறது. இந்த மூன்றையும் ஒரே வரியில் அடக்கிய சூத்திரம் ஒன்று உண்டு. கோர்டன் ஜான்சன், வில்லியம் குக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1983இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த மாநாட்டில் வைத்தது. தமிழில் எழுதினால் இவ்வளவுதான் (தகைவு என்பது ஒரு சதுர அளவு இடத்தில் உலோகம் காட்டும் எதிர்ப்பு விசை):

தகைவு = (அடிப்படை வலிமை + இறுகுதல்) × (வேகத்தால் வரும் கூடுதல்) × (சூட்டால் வரும் குறைவு)

இதில் ஐந்து எண்கள் ஒளிந்திருக்கின்றன; ஒவ்வொரு உலோகத்துக்கும் தனி ஐந்து. வெறும் சூத்திரமாகப் பார்த்தால் ஒட்டாது, ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 4340 என்ற வலுவான எஃகுக்கு அவர்கள் கொடுத்த அடிப்படை வலிமை 792 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 8 டன் ஏற்றினால்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். 20 சதவீதம் நசுங்கும்போது இறுகுதல் சேர்ந்து 1,128 ஆகிறது. இது வினாடிக்கு 10,000 என்ற திரிபு வேகத்தில் நடந்தால் (அதே வேகத்தில் ஒரு வினாடி முழுக்க இழுத்தால் பத்தாயிரம் மடங்கு நீளும் என்று பொருள், நல்லவேளை, சில மைக்ரோவினாடிதான் நடக்கிறது) எதிர்ப்பு இன்னும் 13 சதவீதம் கூடி 1,270ஐத் தாண்டும். அதற்குள் அந்த இடம் ஏறத்தாழ 55 டிகிரி சூடாகியிருக்கும். அது மூன்றரை சதவீதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள, 1,230 பக்கம் வந்து நிற்கும்.

இந்த ஐந்து எண்கள் வானத்திலிருந்து வருவதில்லை. சிலவற்றைச் சாதாரண இழுவை எந்திரத்தில் மெதுவாக இழுத்து எடுக்கலாம். வேகத்துக்கான எண்ணுக்கு ஹாப்கின்சன் தண்டு வேண்டும். 1914இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தொடங்கிவைத்ததை, 1949இல் கோல்ஸ்கி இரண்டு தண்டுகளாகப் பிரித்தார். நீளமான இரண்டு எஃகுத் தண்டுகளுக்கு நடுவில் மாத்திரை அளவு உலோகத் துண்டு. ஒரு தண்டின் முனையில் ஓங்கி ஓர் அடி. அடியின் அலை முதல் தண்டில் ஓடி, துண்டை நசுக்கி, ஒரு பகுதி திரும்பி வர, மறு பகுதி அடுத்த தண்டுக்குள் போகும். இரண்டு அலைகளையும் தண்டுகளில் ஒட்டிய உணரிகளில் அளந்தால், நடுவில் அந்த மாத்திரை என்ன பாடுபட்டது என்று தெரிந்துவிடும். துண்டை நேரடியாக அளக்காமலேயே அதன் கதையை வாங்குவது எனக்கு இன்றும் அழகாகத் தோன்றும் வேலை.

சரி, இப்போது கணினிக்கு வருவோம். ஒரு பொருளைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டிக்கொள்கிறோம். இந்தக் கட்டிக்கு எலிமென்ட் என்றும், வெட்டிய வலைக்கு மெஷ் என்றும் பெயர். இந்தத் துறையில் இருப்பவரிடம் என்ன வேலை என்று கேட்டால், பாதிப் பேர் ‘மெஷ் போடுகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். கட்டிகளின் மூலைப் புள்ளிகளில் எடையை ஏற்றிவிடுகிறோம். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன விசை, அதனால் என்ன முடுக்கம், அடுத்த கணத்தில் அது எங்கே இருக்கும் என்று நியூட்டனின் விதியை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படி நகர்த்துகிறோம். புள்ளிகள் நகர்ந்ததும் கட்டிகள் கோணலாகும். கோணலிலிருந்து திரிபு, திரிபிலிருந்து மேலே சொன்ன சூத்திரத்தின் வழியே தகைவு, தகைவிலிருந்து மறுபடி விசை. இதே சுற்றுதான், திரும்பத் திரும்ப. கணினிக்கு இதில் மூளை எதுவும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நகரலாம் என்பதற்குக் கறாரான வரம்பு உண்டு. உலோகத்தில் ஒலி ஒரு கட்டியைக் கடக்கும் நேரத்தைவிடப் படி பெரிதாக இருக்கக்கூடாது. மீறினால் எண்கள் வெடித்துச் சிதறிவிடும். 1928இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் கண்ட நிபந்தனை இது. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடும். 5 மி.மீ. கட்டியென்றால் ஒரு படி ஒரு மைக்ரோவினாடி. பத்தில் ஒரு வினாடி நீளும் கார் மோதலுக்கு ஒரு லட்சம் படி. கட்டியைப் பாதியாக்கினால், படியும் பாதியாகும், கட்டிகளின் எண்ணிக்கையோ பல மடங்காகும். செலவு எகிறுவது இங்கேதான்.

இப்போது ஒரு மோதலைக் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டெய்லர் (ஆமாம், மறுபடியும் அவரே) எளிமையான சோதனை ஒன்றை உருவாக்கினார். 1948இல் கட்டுரையாக வந்தது. தட்டையான முனையுள்ள உலோக உருளையை அசையாத சுவரில் நேராகச் சுட வேண்டியது, எவ்வளவு குட்டையாகிறது என்று அளக்க வேண்டியது, அவ்வளவுதான். புது மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கள் நிரலைச் சோதிக்கப் போடும் கணக்கும் இதுவே. செம்பு உருளை, நீளம் 32.4 மி.மீ., ஆரம் 3.2 மி.மீ., வேகம் வினாடிக்கு 227 மீட்டர். பயணிகள் விமானம் பறக்கும் வேகம்.

மோதிய கணத்தில் முன்பக்கம் நின்றுவிட்டது. பின்பக்கத்துக்கு அந்தச் செய்தி தெரியாது. செய்தி ஒலியின் வேகத்தில்தான் பின்னோக்கிப் போக முடியும். வால் வரை போய்ச்சேர எட்டு மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் வால் பகுதி ஒன்றும் நடக்காதது போலக் கிட்டத்தட்ட 2 மி.மீ. முன்னேறிவிட்டிருக்கும். அந்த 2 மி.மீ. உலோகம் எங்காவது போயாக வேண்டுமே, பக்கவாட்டில் பிதுங்குகிறது. முன்பக்கம் யானைக்கால் போல விரிகிறது. 80 மைக்ரோவினாடியில் எல்லாம் அடங்கும்போது நீளம் 21 மி.மீ. சொச்சம். சுவரைத் தொட்ட பக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் அகன்றிருக்கும். வால் பக்கம் மட்டும் சுட்ட அன்று இருந்த மாதிரியே வட்டமாக, ஒரு கீறல் இல்லாமல் நிற்கும். அரை மி.மீ. கட்டிகள் போட்டால் இதற்குச் சில ஆயிரம் படிகளே போதும். மடிக்கணினியில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். விடையும் சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போகும்.

ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் குற்றம் நம்முடையது. சுவரும் உருளையும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல மறந்தால், உருளை ஆவி மாதிரி சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். அலகுகளில் நடக்கும் கூத்து தனி. மில்லிமீட்டர், டன், வினாடி என்று வைத்துக்கொண்டால் எஃகின் அடர்த்தியை 0.00000000785 என்று அடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன். மோதும் துண்டு பத்து மடங்கு கனமாகி, தகட்டை அப்பளம் மாதிரி நொறுக்கிக்கொண்டு போனது. படம் பிரமாதமாக இருந்தது. ஒரு நாள் முழுக்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பக்கத்து மேசை அண்ணன் ஒருவர் வண்ணப் படத்தைப் பார்க்கவே இல்லை. ‘எனர்ஜி கிராஃபை எடு தம்பி’ என்றார். தொடக்கத்திலேயே இயக்க ஆற்றல் பத்து மடங்கு இருந்தது. அன்றிலிருந்து நானும் படத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

இந்த முறை வளர்ந்த கதை கொஞ்சம் கரடுமுரடானது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விழும் அணுகுண்டின் உறை தரையில் மோதினால் என்னாகும் என்று பார்ப்பதற்காக ஜான் ஹால்க்விஸ்ட் எழுதிய நிரல் டைனா3டி, 1976இல் வெளிவந்தது. இன்று கார் நிறுவனங்கள் பயன்படுத்தும் எல்எஸ்-டைனா அதன் வாரிசு. 1986இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் போலோ கார் ஒன்றை முழுதாகக் கணினியில் சுவரில் மோதவிட்டார்கள். ஆறாயிரத்துக்கும் குறைவான கட்டிகள். க்ரே சூப்பர் கணினியில் ஓர் இரவு வேலை. இன்று ஒரு காருக்குப் பல லட்சம் கட்டிகள் சாதாரணம். காரின் முன்பக்கம் எங்கே மடியும், எத்தனை மடிப்பு விழும் என்பதையெல்லாம் முதல் வண்டியைத் தயாரிப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

இனி உடைவதற்கு வருவோம்.

தட்டை தட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மாவு கொஞ்சம் வறண்டு போயிருந்தால், உருண்டையை அழுத்தும்போது நடுப்பகுதி ஒழுங்காகத்தான் இருக்கும், விளிம்புதான் வெடிக்கும். ஆனால் அதிகமாக நசுங்கியது நடுப்பகுதி. அப்படியானால் அதுதானே முதலில் உடைய வேண்டும்? நடுப்பகுதியைச் சுற்றிலும் மாவு இருக்கிறது, எல்லாப் பக்கமும் அழுத்திப் பிடிக்கிறது. விளிம்பு வெளியே தள்ளப்படுவதால் அதன் சுற்றளவு நீள வேண்டியிருக்கிறது. அதாவது விளிம்பு இழுபடுகிறது. டெய்லர் உருளையை வேகத்தைக் கூட்டிச் சுட்டாலும் இதேதான் நடக்கும்: விரிந்த முன்பக்கத்தின் விளிம்பில் விரிசல் விட்டுப் பூவிதழ் மாதிரி பிளக்கும்.

உலோகத்துக்குள் இதற்குக் காரணம் நுண்ணிய துளைகள். எந்த உலோகத்திலும் அந்நியத் துகள்கள் கொஞ்சம் கலந்திருக்கும். இழுபடும்போது துகளைச் சுற்றி ஒரு வெற்றிடம் திறக்கும், வளரும், பக்கத்து வெற்றிடத்தோடு இணையும், விரிசலாகும். அழுத்தினால் அதே வெற்றிடம் மூடிக்கொள்ளும். ஆகவே ‘இந்த எஃகு இத்தனை சதவீதம் நீண்டால் உடையும்’ என்று ஒற்றை எண் சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் சேர்ந்து எவ்வளவு இழுபடுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

1985இல் ஜான்சனும் குக்கும் இதற்கும் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதே 4340 எஃகை எடுத்துக்கொள்வோம். நேராக ஒரு திசையில் மட்டும் இழுபடும் இடத்தில், சூடோ வேகமோ சேராதபோது, அது தாங்கும் திரிபு 1.75. ஆழமான வெட்டின் அடிப்பகுதி போல, மூன்று திசையிலும் இழுபடும் இடத்தில் அது 0.46க்கு இறங்கிவிடுகிறது. அதே உலோகம்தான், தாங்கும் அளவு கால்வாசி. ஒவ்வொரு கட்டிக்கும் கணினி ஒரு சேதக் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு படியிலும், தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு தீர்ந்தது என்று பற்று எழுதிக்கொண்டே வரும். மொத்தம் 1ஐத் தொட்டதும் அந்தக் கட்டி உடைந்ததாக வைத்துக்கொள்ளும்.

உடைந்த கட்டியை என்ன செய்வது? பெரும்பாலான மென்பொருள்கள் அதை அழித்துவிடுகின்றன. நேற்று வரை இருந்த உலோகம் மாயமாய் மறைந்து, அந்த இடத்தில் ஓட்டை. திரையில் விரிசல் மாதிரித் தெரிவது, வரிசையாக அழிக்கப்பட்ட கட்டிகளின் இடைவெளிதான். உண்மையான விரிசலுக்கு அகலமே கிடையாது. கணினியின் விரிசலுக்கு ஒரு கட்டியின் அகலம். பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. செய்கிறவர்களும் சில சமயம் மறந்துவிடுகிறோம்.

இதிலிருந்து ஒரு பெரிய தொல்லை பிறக்கிறது. உலோகம் இளகத் தொடங்கியதும் திரிபு முழுவதும் ஒரே ஒரு கட்டி வரிசைக்குள் போய்க் குவிந்துகொள்ளும். கட்டி 2 மி.மீ. என்றால் உடைவதற்குச் செலவாகும் ஆற்றல் 2 மி.மீ. பட்டையில் செலவாகிறது. 1 மி.மீ. என்றால் பாதிப் பட்டை, ஏறத்தாழ பாதி ஆற்றல். அதாவது மெஷ்ஷை நுணுக்க நுணுக்க உலோகம் இன்னும் எளிதாக உடையும்! வளைவதில் இப்படி இல்லை. கட்டியைச் சிறிதாக்கினால் விடை ஓர் எண்ணை நோக்கி நிலைபெறும். உடைவதிலோ வழுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் உடைப்பு எண்களைக் கேட்டால் ‘எந்த மெஷ் அளவுக்கு?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அளவுக்கேற்ப எண்களைத் திருத்துவது, சேதத்தை அக்கம்பக்கத்துக் கட்டிகளோடு சராசரி ஆக்குவது என்று மருந்துகள் உண்டு. நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு தொல்லை வேடிக்கையானது. கச்சிதமான வட்ட உருளையைக் கச்சிதமாக நேராக மோதவிட்டால் விளிம்பின் எல்லா இடமும் சமம். எந்தக் கட்டிக்கும் தனிச் சலுகை இல்லை. கொள்கையளவில், சேதக் கணக்கு எல்லாக் கட்டிக்கும் ஒரே படியில் 1ஐத் தொடும். விளிம்பு முழுவதும் ஒரே கணத்தில் மறைந்துபோகும். நிஜ உருளையில் சில விரிசல்கள்தான் விழுகின்றன, நடுவில் நல்ல இதழ்கள் நிற்கின்றன. ஏன்?

போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டின் உறை எத்தனை துண்டாகச் சிதறும் என்று யோசித்த இயற்பியலாளர் நெவில் மாட் இதற்கு விடை கண்டார். உலோகம் எங்கும் ஒரே வலிமையோடு இருப்பதில்லை. எங்கே கொஞ்சம் பலவீனமோ அங்கே முதல் விரிசல் விழும். விழுந்ததும் அதன் இரு பக்கமும் இழுப்பு தளர்ந்துவிடும். அந்தத் தளர்வு அலையாகப் பரவும். அலை தொட்ட இடமெல்லாம் பிழைத்துக்கொள்ளும். தொடுவதற்குள் வேறெங்காவது இன்னொரு விரிசல் முந்திக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கும். துண்டுகளின் அளவைத் தீர்மானிப்பது இந்தப் பந்தயம்தான்.

கணினியில் இதைக் கொண்டுவர, வேண்டுமென்றே ஒவ்வொரு கட்டிக்கும் கொஞ்சம் கூடக்குறைய வலிமையைத் தூவிவிடுகிறோம், குலுக்கல் முறையில். அப்படிச் செய்ததும் இதழ்கள் வந்துவிடும். ஆனால் குலுக்கலை மாற்றினால் விரிசல் வேறு இடத்தில் விழும். அதனால் ஒரு தடவை ஓட்டிவிட்டு ‘இங்கேதான் உடையும்’ என்று சொல்லக் கூடாது. பல தடவை ஓட்டி, சராசரியாக எத்தனை துண்டு, எவ்வளவு பெரிது என்று சொல்லலாம். படம் கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தப் பதில் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

வளைவது கோடிக்கணக்கான மடிப்புகளின் சராசரி. அங்கொன்றும் இங்கொன்றும் தவறினால் ஒன்றும் ஆகாது. உடைவது ஒரே ஒரு பலவீனமான இடத்தைப் பொறுத்தது. அந்த இடம் எது என்ற தகவல் நாம் கொடுக்கும் எண்களில் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

2012இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் ஒரு போட்டி வைத்தது. மோதல்கூட இல்லை, மெதுவாக இழுப்பதுதான். துருப்பிடிக்காத எஃகு வகை ஒன்றில் மொண்ணையான ஒரு வெட்டும் அதன் முன்னே மூன்று துளைகளும் போட்ட துண்டு. வரைபடத்தையும் உலோகத்தின் சோதனைத் தரவுகளையும் கொடுத்து, எந்த விசையில் விரிசல் தொடங்கும், எந்தத் துளை வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். 13 குழுக்கள், ஆளுக்கொரு முறையோடு இறங்கின. விடைகள் நாலா பக்கமும் சிதறின. அதைவிடச் சுவையான விஷயம் சோதனைக் கூடத்தில் நடந்தது: ஒரே வரைபடத்தை வைத்து வெட்டிய துண்டுகளிலேயே விரிசல் இரண்டு வெவ்வேறு பாதைகளில் போனது. துண்டுகளை மறுபடி நுணுக்கமாக அளந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. துளைகள் இருந்த இடம் துண்டுக்குத் துண்டு துளியூண்டு விலகியிருந்தது. போட்டியாளர்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் எல்லாத் துளைகளும் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருந்தன.